வினாத்தாளில் இல்லாத கேள்வி

அம்மான்
10 மே 2016

அன்புள்ள வியாம்,

சித்தியின் சலாம். நீயும் உம்மாவும் அண்ணன் அத்னானும் சுகம்தானே? எனக்குச் சளி விட்டுவிட்டது. குரல் மட்டும் இன்னும் அண்டங்காக்கை மாதிரி இருக்கிறது. நோயாளிகள் என்னைப் பார்த்து இரக்கப்படுகிறார்கள்.

இதோடு இருக்கும் தாளை அத்னான் கண்ணில் படாமல் வை. நான் வேலை பார்க்கும் இடம் அவனுக்கு எப்போதும் 'பைத்தியக்கார ஆஸ்பத்திரி'தான். தாளில் ஒன்பது கேள்விகள் இருக்கின்றன. மனம் சோர்ந்து போனவர்களைக் கண்டுபிடிப்பதற்காக வெளிநாட்டில் எழுதியவை. நாங்கள் அரபியில் மாற்றினோம். வேறொருவரை வைத்து மறுபடி ஆங்கிலத்துக்குத் திருப்பியும் பார்த்தோம். சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் என் முன்னால் உட்காரும் பெண்கள் எதைக் கேட்டாலும், "இல்ல டாக்டர், அல்லாஹ்வுக்கே புகழ்" என்று சொல்லிவிட்டு, எழுந்து போகும்போது தலைவலிக்கு மாத்திரை கேட்கிறார்கள். தாளை நம்பினால், போருக்குத் தப்பி எல்லை தாண்டி இந்த நாட்டுக்கு வந்த நம் ஊர்ப் பெண்களைப் போல் மகிழ்ச்சியானவர்கள் உலகத்திலேயே கிடையாது.

எங்கோ தப்பு இருக்கிறது. அது கேள்வியில்தான் இருக்க வேண்டும். உன் உம்மாவோடு உட்கார்ந்து காய் நறுக்க வரும் பெண்களிடம் இதை வாசித்துக் காட்டு. எங்கே சிரிக்கிறார்கள், எங்கே வாயை மூடிக்கொள்கிறார்கள், எந்தச் சொல்லை மாற்றிச் சொல்கிறார்கள் என்று எழுது. பெயர் வேண்டாம். யாருக்கு என்ன கஷ்டம் என்பதும் வேண்டாம். சொற்கள் மட்டும் போதும். அது என் தொழிலின் ஒழுங்கு.

உன் படிப்பு விஷயம். செப்டம்பரில் நீ அம்மான் நகரத்துக்கு வந்து என்னிடம் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கலாம். தலைமையாசிரியை சம்மதித்துவிட்டார். அத்னானிடமும் பேசினேன். "உம்மா நல்லா இருக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணுமில்ல சித்தி. அவங்க படுத்துட்டா வியாம்தான் வீட்டைப் பாக்கணும். வேற யாரு இருக்கா?" என்றான். அவன் சொல்வதும் நியாயம்தான். நல்லவேளை, என் அக்கா கல் மாதிரி.

பதிலை மருந்து வண்டி ஓட்டுநர் காலிபிடம் கொடு. செவ்வாய்தோறும் வருகிறார். வீட்டில் இருக்கும் ஒரே தொலைபேசி அத்னான் சட்டைப் பையில் இருக்கும்வரை நமக்கு அவர்தான் தபால்காரர்.

உன் நெற்றியில் ஒரு முத்தத்துடன்,
இஃதிதால் சித்தி


மஃப்ரக்
23 மே 2016

அன்புள்ள சித்தி,

உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும். நாங்கள் நலம். உங்கள் குரல் திரும்பி வர துஆ செய்கிறோம்.

எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளிச்சம் தெரியாமல் இருக்கக் கதவிடுக்கில் துண்டைச் செருகியிருக்கிறேன். அத்னான் இருமும்போதெல்லாம் பேனா நின்றுவிடுகிறது. அங்கங்கே மை ஊறியிருந்தால் அதுதான் காரணம்.

வியாழக்கிழமை பக்கத்து வீட்டு ஃபாரிஸ் உம்மாவும் இன்னும் இரண்டு பேரும் சோறு அடைப்பதற்குப் பிஞ்சுச் சுரைக்காய் குடைய வந்தார்கள். "செய்கிற வேலையில் உங்களுக்கு நாட்டம் குறைந்ததா?" என்று வாசித்தேன்.

"எந்த வேலையில?" என்றாள் ஃபாரிஸ் உம்மா.

"தினமும் செய்ற வேலையில."

"பாத்திரம் கழுவுறதுலயா? ஏண்டி, அந்த நாட்டுப் பொம்பளைங்க நாட்டத்தோடவா பாத்திரம் கழுவுறாங்க? அப்படின்னா எனக்கு அங்க ஒரு விசா வாங்கித் தரச் சொல்லு."

"தோற்றுப்போனவளாக உங்களை நினைத்தீர்களா?" என்றேன். "எந்தப் பரீட்சையில?" என்றாள் இன்னொருத்தி. மனச்சோர்வு என்ற சொல் யாருக்கும் பிடிபடவில்லை. "நெஞ்சு இறுகிப்போறது", "மூச்சு பத்தாம இருக்கிறது" என்று சொன்னால் உடனே தலையாட்டினார்கள்.

கடைசிக் கேள்விக்குத்தான் சிரிப்பு நின்றது. "செத்துப்போனால் நல்லது என்று நீங்கள் நினைத்ததுண்டா?" என்று வாசித்ததும் ஃபாரிஸ் உம்மா ஈரக் கையாலேயே என் வாயைப் பொத்தினாள். "மூஞ்சியைப் பாத்து இப்படியாடி கேப்பே? கெட்டதைப் பேசினா 'ஒங்களை விட்டுத் தூரமா இருக்கட்டும்'னு சொல்லிட்டுப் பேசணும். இல்லாட்டி யாரோ ஒருத்தின்னு சொல்லு. ஒன் சித்தி எங்களுக்குச் சாபம் போடவா தாள் அனுப்பியிருக்கா?"

உம்மா குடைந்துகொண்டிருந்த காயின் அடியைத் துளைத்துக்கொண்டு கம்பி வெளியே வந்தது. உம்மா கையில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. "ஓட்டை விழுந்துடுச்சு. இனிமே இதுல சோறு நிக்காது," என்று ஒதுக்கி வைத்தாள். "அத்னான் உம்மாவுக்கு வயசாயிடுச்சு," என்று ஃபாரிஸ் உம்மா கிண்டல் செய்தாள். மறுபடி எல்லோரும் சிரித்தோம்.

உம்மா நலம். அம்மான் பள்ளியில் சீருடை என்ன நிறம்?

உங்கள் அன்புள்ள,
வியாம்


அம்மான்
5 ஜூன் 2016

அன்புள்ள வியாம்,

நாளை நோன்பு. உங்கள் மூவருக்கும் ரமலான் வாழ்த்துகள். இங்கே நலம்.

உன் கடிதத்தை எங்கள் கூட்டத்தில் வாசித்தேன். விசா இடத்தில் எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு அடங்கி, வேலையில் இறங்கினோம். பக்கத்து வீட்டுக்காரி சொன்னது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். என் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்று சொன்னால்கூட 'உங்களை விட்டுத் தூரமாக' என்று சேர்த்துத்தான் நானே சொல்வேன். ஆனால் வெள்ளைக் கோட்டைப் போட்டதும் மறந்துவிட்டேன்.

புதுத் தாள் அனுப்பியிருக்கிறேன். இதில் 'நீங்கள்' இல்லை. "சில பெண்களுக்கு, உங்களை விட்டுத் தூரமாக இருக்கட்டும், இப்படி ஆவதுண்டு" என்று ஒவ்வொரு கேள்வியும் தொடங்குகிறது. வாசித்துப் பார். 'எனக்குத் தெரிந்த ஒருத்தி' என்று யாராவது சொன்னால் அந்த ஒருத்தியைப் பற்றி எழுத வேண்டாம். அவள் நம் எதிரில் இல்லை, கணக்கில் சேராது. அவள் சொன்ன சொல் புதிதாக இருந்தால் மட்டும் எழுது.

சீருடை கருநீலம். அக்கா எப்படி இருக்கிறாள்? 'நலம்' என்ற ஒற்றைச் சொல் போதாது. அவளையே இரண்டு வரி சொல்லச் சொல்லி எழுது.

அன்புடன்,
சித்தி


மஃப்ரக்
20 ஜூன் 2016

என் உசுரான இத்திக்கு, அக்கா சொல்லச் சொல்ல வியாம் எழுதறது.

நாங்க எல்லாரும் நல்லாருக்கோம், அல்லாஹ்வுக்கே புகழ். நீயும் நல்லாருக்கணும். வெயில் மண்டையைப் பொளக்குது. பருப்புக் கஞ்சியில உப்பில்லைன்னு அத்னான் தினமும் சண்டை. நோன்பு வச்சுக்கிட்டு நான் எப்படிடா ருசி பாக்கறது? வியாம், அதையும் எழுது, அவ சிரிக்கட்டும்.

தூக்கம் எப்படின்னு கேக்கறதா வியாம் சொன்னா. நோன்பு மாசத்துல யாருடி தூங்கறா? புள்ளைங்க வாப்பாவைப் பத்தி ஒரு சேதியும் இல்ல. சோதனைச் சாவடியில எறக்கிப் புடிச்சுட்டுப் போனவங்களைப் பத்தி எப்பதான் சேதி வந்துச்சு? நீ அதையெல்லாம் நெனச்சுக் கொழம்பாதே.

ஒண்ணு கேக்கணும். நீ சின்னப் புள்ளையா இருக்கச்ச பெருநாளுக்கு எடுத்த பச்சைப் பாவாடையை நீ இஸ்திரி போட்டுக் கருக்கிட்டேன்னு ஒன்னை அறைஞ்சேனே, ஞாபகம் இருக்கா? கருக்கினது நீ இல்ல. நான்தான். உம்மா திட்டுவாளேன்னு ஒம்மேல பழி போட்டேன். என்னை மன்னிச்சிடு இத்தி. பதில் எழுதறப்ப 'மன்னிச்சுட்டேன்'னு ஒரு வார்த்தை எழுது. மறந்துடாதே.

ஒன்னை அல்லாஹ் பாத்துக்குவான்.
ஒன் அக்கா

(உம்மா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். – வியாம்)


மஃப்ரக்
11 ஜூலை 2016

அன்புள்ள சித்தி,

பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. நீங்கள் அனுப்பிய பேரீச்சை வந்து சேர்ந்தது. நாங்கள் நலம்.

புதுத் தாள் நன்றாக வேலை செய்கிறது. "சில பெண்களுக்கு" என்று ஆரம்பித்ததும் அவரவருக்குத் தெரிந்த சில பெண்கள் கிளம்பி வந்துவிடுகிறார்கள். ஃபாரிஸ் உம்மாவின் நாத்தனார் கதை முடியவே மாட்டேன் என்கிறது.

கடைசிக் கேள்விக்கு ஒரு புதுச் சொல் கிடைத்தது. தனக்குத் தெரிந்த ஒருத்தியைப் பற்றி ஒருத்தி சொன்னாள்: "அவ சாகணும்னு கேக்கறதில்ல. அது பாவம். 'யா அல்லாஹ், காலையில என்னை எழுப்ப மறந்துடு'ன்னு மட்டும் கேப்பா." பெயர் வேண்டாம் என்று நீங்கள் சொன்னதால் எழுதவில்லை.

கருநீலத்தில் பாவாடைத் துணி உம்மாவின் பெட்டியில் இருந்தது. அவளே வெட்டித் தைத்துக் கொடுத்துவிட்டாள். அவசரமில்லை என்றேன். "இப்பவே முடிச்சிடறேன், அப்புறம் யாரு தைக்கிறது?" என்றாள்.

பயமாக இருக்கிறது என்று எழுத உட்கார்ந்தேன். எதற்கு என்று எழுத வரவில்லை. புது ஊர், புதுப் பள்ளி, அதனால் இருக்கும்.

உங்கள்,
வியாம்


அம்மான்
18 ஜூலை 2016

கண்ணே வியாம்,

சலாம். இங்கே எல்லோரும் நலம், நான் சந்தோஷத்தில் பறந்துகொண்டிருக்கிறேன்.

'எழுப்ப மறந்துடு'. இந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை மாதம் அலைந்தோம். தாளில் ஏற்றி, இங்கே வரும் பெண்களிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தோம். இதுவரை எல்லாவற்றுக்கும் 'இல்லை' சொன்ன ஒருத்தி இதைக் கேட்டதும் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். இன்று அவள் எங்கள் பார்வையில், பத்திரமாக இருக்கிறாள். உன்னால்தான். யாரென்று தெரியாத அந்தப் பெண்ணுக்கு என் நன்றியைச் சொல்.

ஆகஸ்ட் முதல் வாரம் இந்தத் தாளைப் பற்றி ஒரு மருத்துவ மாநாட்டில் பேச தூனிஸ் நகரத்துக்குப் போகிறேன். திரும்ப மூன்று வாரம் ஆகும். அதுவரை கடிதம் வந்தால் மேசையில்தான் கிடக்கும்.

அக்காவிடம் சொல், அந்தப் பச்சைப் பாவாடை எனக்குச் சுத்தமாக ஞாபகமில்லை! அவள் கொடுத்த அறைகளில் எதை என்று நினைவு வைத்துக்கொள்வது? வயிறு வலிக்கச் சிரித்தேன். கஞ்சிக்கு உப்பை அத்னானையே போட்டுக்கொள்ளச் சொல்.

முத்தங்களுடன்,
சித்தி


மஃப்ரக்
8 ஆகஸ்ட் 2016

அன்புள்ள சித்தி,

நீங்கள் தூனிஸில் நலமாக இருப்பீர்கள். இந்தக் கடிதம் மேசையில் கிடக்கும் என்று தெரியும். இருந்தாலும் இதை நீங்கள் கேட்டால் சிரிப்பீர்கள் என்று எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை உம்மா தெருவில் வீடு வீடாகப் போனாள். இரவல் வாங்கிய பானை, பலகாரம் வைத்துக் கொடுத்தவர்களின் தட்டு எல்லாவற்றையும் துலக்கித் திருப்பிக் கொடுத்தாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "எம்மேல ஏதாவது வருத்தம் இருந்தா மன்னிச்சிடு" என்று கேட்டிருக்கிறாள். ஹஜ் பயணம் கிளம்புகிறவர்கள் இப்படி மன்னிப்புக் கேட்டு வரும் மாதம் இது என்று உங்களுக்குத் தெரியும். மதியத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஃபாரிஸ் உம்மா பேரீச்சை அடைத்த பிஸ்கட்டைத் தாம்பாளத்தில் அடுக்கிக்கொண்டு குலவையிட்டபடி உள்ளே வந்தாள்.

"ஹாஜியம்மா! ஹஜ்ஜுக்குப் பேர் வந்ததை எங்ககிட்டயே மறைச்சிட்டியே! கண்ணு பட்டுடும்னு பயமா?"

பின்னாலேயே மற்றவர்களும் தாம்பாளங்களோடு வந்துவிட்டார்கள். கஅபாவைப் பார்த்ததும் என் மகனுக்கு வேலை கேள் என்றாள் ஒருத்தி. என் மூட்டுவலியைச் சொல் என்றாள் ஃபாரிஸ் உம்மா. உம்மா இல்லை என்று சொல்லவில்லை. எல்லோருடைய வேண்டுதலையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். "சொல்றேன். போற எடத்துல நேர்லயே சொல்றேன்," என்றாள். எல்லோரும் ஆமீன் சொன்னார்கள்.

அத்னான் வேலை முடிந்து வந்து தாம்பாளங்களைப் பார்த்தான். "யாரு ஹஜ்ஜுக்குப் போறது?" என்று கேட்டுவிட்டு ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டான். எல்லோரும் சிரித்தோம், சித்தி. நானும் சிரித்தேன்.

நாங்கள் நலம்.

வியாம்


மஃப்ரக்
15 ஆகஸ்ட் 2016

சித்தி,

சலாமைக் கடைசியில் எழுதுகிறேன்.

அந்தப் பெண் உம்மாதான். எழுப்ப மறந்துடு என்று சொன்னது உம்மா. தனக்குத் தெரிந்த ஒருத்தி என்று சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. நோன்புக்கு முன்பே, அந்தக் காய் ஓட்டையானபோதே எனக்குச் சந்தேகம். அப்புறம் சந்தேகமும் இல்லை. இரவில் அவள் தூங்குவதில்லை. நான் இங்கே ஒளிந்து எழுதுகிறேன் என்று உங்களுக்குச் சொன்னேன், ஆனால் அவளும் விழித்துக்கொண்டுதான் படுத்திருப்பாள். கதவிடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்று நான் பயப்படுவது அத்னானுக்காக மட்டும் இல்லை.

பெயர் வேண்டாம் என்று நீங்கள் எழுதியது எனக்கு வசதியாகப் போய்விட்டது. பெயரை எழுதினால் உம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஆகிவிடும். அப்படி ஆகிவிட்டால் நான் அம்மானுக்கு வர முடியாது. அதனால் 'நலம், நலம்' என்று எழுதினேன். உம்மா செப்டம்பர் வரைக்கும் தாங்கினால் போதும் என்று நினைத்தேன். நான் நினைத்ததை அப்படியே எழுதுகிறேன் சித்தி. அந்தச் சொல்லுக்காக நீங்கள் என்னைப் புகழ்ந்த கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்து நாலைந்து தடவை படித்தேன். என் உம்மாவின் துக்கத்தை உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் பாராட்டு வாங்கிக்கொண்டேன்.

அவள் ஹஜ்ஜுக்குப் போகவில்லை. எங்கே போவதற்காக மன்னிப்புக் கேட்கிறாள் என்று அந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. நானும் தாம்பாளத்திலிருந்து பிஸ்கட் எடுத்துத் தின்றேன்.

நேற்று அவளுடைய குளிர்காலச் சால்வையை மடித்து என் பெட்டியில் வைத்தாள். "ஒனக்குத்தான் நல்லா இருக்கும்," என்றாள். "நீங்க என்ன போத்திப்பீங்க உம்மா?" என்று கேட்டேன். என் தலையைத் தடவினாள்.

அத்னானிடம் சொல்லப் பார்த்தேன். "ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? உம்மாவைப் பைத்தியம்னு சொல்றியா?" என்று கத்தினான். அப்புறம் வாசலில் போய் உட்கார்ந்து வெகுநேரம் உள்ளே வரவில்லை.

நாளை இந்த உறையை ஒட்டாமல் காலிப் மாமாவிடம் கொடுப்பேன். மேசையில் போட வேண்டாம், உங்களோடு வேலை செய்கிறவர்கள் யாராவது பிரித்துப் படிக்கட்டும் என்று சொல்வேன். முதலில் அவரையே படிக்கச் சொல்வேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். நான் உம்மாவை விட்டு நகர மாட்டேன்.

உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும். சீக்கிரம் வாருங்கள்.

வியாம்


அம்மான்
22 ஆகஸ்ட் 2016

வியாம், என் கண்ணே,

உன் மீது சாந்தி உண்டாகட்டும். அக்கா பக்கத்து அறையில் படுத்திருக்கிறாள். இப்போது உண்மையாகவே தூங்குகிறாள்.

உன் கடிதத்தைக் காலிப் வழியில் வண்டியை நிறுத்திப் படித்திருக்கிறார். படித்ததும் எங்கள் மருத்துவமனைக்கு போன் செய்துவிட்டார். எங்கள் தாதி அன்று மதியமே உங்கள் வீட்டுக்குப் புறப்பட்டாள். இரவுக்குள் செய்தி எனக்கு தூனிஸுக்கு வந்தது. வியாழக்கிழமை நான் வந்து அக்காவை அழைத்துக்கொண்டு போனபோது அத்னான் இருந்ததால் உன்னிடம் ஒன்றும் பேச முடியவில்லை. வாசலில் நீ நின்ற நிற்பைப் பார்க்கவும் எனக்குத் தைரியமில்லை. பேச வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

நீ பெயரை மறைத்தாய். சரி. நோன்பு மாதத்தில் அவள் தன் பெயரிலேயே எனக்குக் கடிதம் எழுதினாளே! மன்னித்துவிடு என்று கேட்டாள். ஒரு வார்த்தை பதில் கேட்டாள். மறந்துவிடாதே என்றாள். இருபது வருடமாக மனநோய் மருத்துவம் பார்க்கிறவள் நான். வயிறு வலிக்கச் சிரித்தேன் என்று பதில் எழுதினேன். அந்தக் கடிதத்தில் நீ ஒரு எழுத்தையும் மறைக்கவில்லை. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. நம் ஊரில் ஒருத்தி காரணமில்லாமல் பழைய தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு வந்தால் அவள் பயணம் கிளம்புகிறாள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எந்தப் பயணம் என்று கேட்க வேண்டியது என் வேலை.

இங்கே வந்ததும் இன்னொரு டாக்டர் ஒன்பது கேள்வியையும் அவளிடம் கேட்டார். ஒன்பதுக்கும் "அல்லாஹ்வுக்கே புகழ்" என்றாள். எழுப்ப மறப்பதைப் பற்றிய கேள்விக்குக்கூட, "அது யாரோ சொன்னது," என்றாள். அப்புறம் நான் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அக்கா, கொஞ்ச நாளா எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டு வரீங்களா?" என்று கேட்டேன். கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தாள். அப்புறம்தான் அழுதாள்.

அதைப் பத்தாவது கேள்வியாகச் சேர்த்துவிட்டோம். 'எனக்குத் தெரிந்த ஒருத்தி கணக்கில் சேராது' என்று நான் எழுதிய விதியையும் அடித்துவிட்டேன்.

அக்கா திரும்பும்வரை நீ வீட்டில்தான் இருக்க வேண்டும் என்கிறான் அத்னான். இப்போது அவனோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. பொறுத்துக்கொள்.

சித்தி


மஃப்ரக்
29 ஆகஸ்ட் 2016

அன்புள்ள உம்மா,

உங்களுக்கு சலாம். சித்தி இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள்.

நீங்கள் வண்டியில் ஏறியபோது தெருப் பெண்கள் எல்லோரும் குலவையிட்டது உங்களுக்குக் கேட்டிருக்கும். ஹஜ்ஜுக்குத்தான் போகிறீர்கள் என்று நினைத்தார்கள். நான் தடுக்கவில்லை. இப்போது தினமும் யாராவது வந்து மக்காவிலிருந்து போன் வந்ததா என்று கேட்கிறார்கள். "வந்துச்சு, நல்லாருக்காங்க, எல்லாருக்கும் துஆ செய்றாங்க," என்று அத்னான் சொல்கிறான். என்னையும் அப்படியே சொல்லச் சொல்கிறான். சொல்கிறேன்.

வியாழக்கிழமை பள்ளி திறக்கிறது. கருநீலப் பாவாடையை மடித்துச் சால்வைக்குக் கீழே வைத்துவிட்டேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை. நீங்கள் தூக்கமில்லாத கண்ணோடு அதைத் தைத்தீர்கள். நான் இடுப்பளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

உம்மா, என்னை மன்னித்துவிடுங்கள். உங்கள் சொல்லை எடுத்து சித்திக்குக் கொடுத்ததற்கு மன்னித்துவிடுங்கள். தெரிந்தும் தெரியாதது போல் இருந்ததற்கு மன்னித்துவிடுங்கள். இன்று ஃபாரிஸ் உம்மா வீட்டுக்குப் போய் அவளுடைய தாம்பாளத்தைத் துலக்கிக் கொடுத்தேன். உங்களைக் கிண்டல் செய்தபோது நானும் சிரித்தேன் அல்லவா, பொய்யும் சொன்னேன், அதனால் அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். "நீயும் ஹஜ்ஜுக்குப் போறியாடி?" என்று சிரித்தாள். அத்னானிடமும் கேட்டேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

நீங்கள் 'மன்னிச்சுட்டேன்' என்று ஒரு வார்த்தை எழுதச் சொல்லி அனுப்புங்கள். அது போதும்.

வியாம்


அம்மான்
30 ஆகஸ்ட் 2016, செவ்வாய் இரவு

என் கண்ணு வியாமுக்கு, உம்மா சொல்றது. இத்தி எழுதறா. எழுத்து கோணலா இருந்தா அவளைக் கேளு.

ஒன் கடுதாசியை அவ படிச்சுக் காட்டினா. ஃபாரிஸ் உம்மா தாம்பாளத்துக்கிட்ட வந்ததும் நிறுத்திட்டா. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தோம். "அக்கா, இது பத்தாவது கேள்வி,"ன்னா. "நீயா எனக்குச் சொல்ற? நான்தானே ஒனக்கு அதைச் சொல்லிக் குடுத்தேன்,"னேன்.

அம்மாடி, நான் எல்லார் வாசலுக்கும் போனேன்ல? அத்தனை பேரும் மன்னிச்சிட்டாங்க. ஃபாரிஸ் உம்மா என்ன ஏதுன்னுகூடக் கேக்காம மன்னிச்சா. பாக்கி ஒருத்திதான், ஒன் சித்தி. பாவாடை ஞாபகமில்லைன்னு எழுதினாளே தவிர அந்த வார்த்தையை எழுதல. எங்கூடப் பொறந்தவ மன்னிக்காம நான் எப்படிக் கெளம்பறது? அடுத்த செவ்வாய்க்கெழமை எழுதுவா, அடுத்ததுல எழுதுவான்னு வண்டியைப் பாத்துக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள நீ ஒட்டாத கவரைக் கொண்டுபோய்க் குடுத்துட்டே. எழுதாம விட்டதுக்கு இவ இங்க தலையில அடிச்சுக்கறா. அடிச்சுக்காதேடி, அதுதான் என்னை நிறுத்தி வச்சதுன்னா கேக்க மாட்டேங்கறா. டாக்டராம்.

அத்னானுக்கு இப்பத்தான் போன் போட்டோம். நானே பேசினேன். இன்னிக்கு ராத்திரியும் நாளைக்கு ராத்திரியும் ஃபாரிஸ் உம்மா ஒங்கூட வந்து படுத்துப்பா. அவகிட்டயும் பேசிட்டேன். மக்காவுக்குப் போகல, மனசு நோவுக்கு வைத்தியம் பாக்கப் போனேன்னு என் வாயாலயே சொன்னேன். கேட்டுட்டு, "என் மூட்டுவலியைச் சொல்லச் சொன்னேனே, அங்க ஒரு நல்ல டாக்டரா பாத்துச் சொல்லிட்டு வா,"ன்னா. ஹஜ்ஜுக்கு முன்னாடியே திரும்பி வந்த ஹாஜியம்மான்னு அவ என்னைக் கூப்பிடாம இருக்க மாட்டா. கூப்பிடட்டும்.

நாளைக்கு டாக்டரைப் பாக்கணும், அதை விட்டுட்டு வர இத்தி விட மாட்டா. வியாழக்கெழமை காலையில முத டாக்ஸியில ரெண்டு பேரும் வரோம். இந்தக் கடுதாசி நாளைக்கே ஒன் கையில கெடைக்கிற மாதிரி குடுத்தனுப்பறோம். பள்ளிக்கூட விஷயம் அத்னான்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ அந்தப் பாவாடையை வெளிய எடுத்து வையி.

இப்ப நீ கேட்ட வார்த்தை. அதை இந்தக் கடுதாசில எழுத மாட்டேன். இத்தி எழுதப் பாத்தா, கையைப் புடிச்சுட்டேன். வியாழக்கெழமை வந்து, ஒன் மூஞ்சியைப் பாத்து, நேர்ல சொல்றேன்.

அதுவரைக்கும் நீ காத்திருக்கணும்.

ஒன் உம்மா